சுவர் தாண்டிப் போக ஈஸ்டருக்கு ஒரு தட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் பங்குனி உத்திரத்தன்று ஆண்டாளுக்கும் ரெங்கமன்னாருக்கும் திருக்கல்யாணம். உத்திரத்தை ஒட்டிய முழுநிலவு தேயத் தொடங்கிய பின் வருகிற ஞாயிற்றுக்கிழமை, பெரும்பாலான ஆண்டுகளில், ஈஸ்டர். 2024-இல் உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. 2025-இல் உத்திரம் ஏப்ரல் 11, ஈஸ்டர் ஏப்ரல் 20. இது தற்செயல் இல்லை. மார்ச் 21-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பதுதான் ஈஸ்டருக்குத் திருச்சபை வைத்திருக்கும் கணக்கு. பங்குனிப் பௌர்ணமி முந்திக்கொள்ளும் ஆண்டுகளில் மட்டும் ஈஸ்டர் அடுத்த நிலவுக்குத் தள்ளிப்போகும். 2022-இல் உத்திரம் மார்ச் 18-இலேயே முடிந்துவிட, ஈஸ்டர் ஏப்ரல் 17-க்குப் போனது. மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் ஒரே நிலவைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறார்கள்.

அந்த நிலவுக்குக் கீழே, ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரம். பக்கத்தில் முகவூர், செட்டியார்பட்டி, சேத்தூர். மேற்கே மலை. நைட்டி தைக்கிற ஊர் என்று சொன்னால் தமிழ்நாட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற யாருக்கும் உடனே புரியும். பேலாக வந்திறங்கும் துணி, கட்டிங் மாஸ்டர் மேசையில் அடுக்கு அடுக்காக வெட்டப்பட்டு, பண்டல் கட்டி வீடுகளுக்குப் போய், பீஸ் கணக்கில் தைக்கப்பட்டுத் திரும்பி வரும். ஓவர்லாக் மிஷின் ஓடும் சத்தம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கேட்கிற நெருக்கத்தில்தான் தெருக்கள். சாதமும் குழம்பும் சுவர் தாண்டிப் போவதற்கு அந்த நெருக்கம் போதும்.

பண்டிகைத் தட்டும் அப்படித்தான் போகிறது. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் மறுபக்கமிருந்து இந்தப் பக்கம் வரும். ரம்ஜானுக்குப் பிரியாணித் தூக்குவாளி. இந்தத் தட்டுகளை வாங்கிக் கொடுக்கத் தெருவில் ஓடுவது பிள்ளைகள்தான். மற்ற மதத்துப் பண்டிகை என்ன என்பதை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன் அந்தத் தட்டில் ருசி பார்த்துவிடுகிறார்கள்.

ஈஸ்டருக்கு மட்டும் தட்டு இல்லை. கிறிஸ்தவர்களுக்கு ஆண்டின் தலையாய திருநாள் அதுதான். கிறிஸ்துமஸை விடப் பழையது, விசுவாசக் கணக்கில் அதை விடப் பெரியது. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்த நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. விடியுமுன் ஆராதனை முடிந்துவிடும். வீதியில் நட்சத்திரம் தொங்காது. அரசு விடுமுறைகூடப் புனித வெள்ளிக்குத்தான். ஈஸ்டர் எப்போதும் ஞாயிறு என்பதால் பள்ளிப் பிள்ளைக்கு அது வழக்கமான லீவு நாள். வீட்டுக்குள் நல்ல சாப்பாடு இருக்கும், ஆனால் சுடச்சுட ஆக்கிய கறிக்குழம்பைத் தெரு முழுக்க அனுப்ப முடியாது.

இந்தக் கட்டுரை அந்த இல்லாத தட்டைப் பற்றியது. அதில் வைக்க வேண்டிய இரண்டு பொருளும் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கின்றன என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒன்று முட்டை. இன்னொன்றுக்குப் பிறகு வருகிறேன்.

விலக்கியதும் திரும்பியதும்

ஈஸ்டருக்கு முட்டை ஏன் என்று கேட்டால், கல்லறை உடைந்து உயிர் வெளிவருவதற்கு அது அடையாளம் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். அந்த விளக்கம் அழகானது, பழமையானதும்கூட. ஆனால் அதற்கு அடியில் சமையலறையில் நடந்த ஒரு கதை இருக்கிறது; எனக்கு அது இன்னும் பிடிக்கும்.

இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நாற்பது நாளும் கறி மட்டும் விலக்கு இல்லை. முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாமே விலக்கு. மீன் தவிர, விலங்கிடமிருந்து வருகிற எதுவும் கூடாது என்பது விதி. மனிதர்கள் நோன்பிருந்தார்கள், கோழிக்கு அந்த விதி தெரியாது. வெயில் ஏறத் தொடங்கும் காலத்தில் அது அதிகமாகவே முட்டையிடும். நாற்பது நாள் முட்டை வீட்டில் சேர்ந்துகொண்டே போகும். கெடாமல் இருக்க அவித்து வைத்தார்கள். ஈஸ்டர் காலையில் நோன்பு முடிந்ததும் முதலில் கைக்கு வந்தது அந்த முட்டைக் குவியல்தான். ஏழை வீட்டிலும் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்க ஒரு பொருள் இருந்த நாள் அது. வண்ணம் பூசியது, ஒளித்துவைத்து விளையாடியது, குருவிடம் கொண்டுபோய் மந்திரித்து வாங்கியது எல்லாம் அந்தத் தாராளத்தின் மேல் வளர்ந்தவை. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் வீட்டுக் கணக்கில், 1290-இல் ஈஸ்டருக்காக 450 முட்டைகளுக்குப் 18 பென்ஸ் செலவு எழுதப்பட்டிருக்கிறது. வண்ணமும் தங்க ரேக்கும் ஏற்றி அரண்மனையில் இருந்தவர்களுக்குப் பகிர்ந்த முட்டைகள் அவை.

கிரேக்கர்களும் மற்ற கிழக்குச் சபையாரும் சிவப்பு முட்டையோடு நின்றுகொண்டார்கள். கிறிஸ்துவின் இரத்தத்துக்கு அந்தச் சிவப்பு. கிரீஸில் இன்றைக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு சிவப்பு முட்டையைக் கையில் பிடித்து ஒன்றோடொன்று முட்டிப் பார்ப்பார்கள். உடையாத முட்டைக்காரருக்கு அந்த ஆண்டு நல்ல ஆண்டு. பிரான்சில் வேறு கதை. பெரிய வியாழன் பூசையோடு ஓய்ந்த ஆலய மணிகள் ரோமாபுரிக்குப் பறந்து போய்விட்டன, ஈஸ்டரன்று திரும்பி வரும்போது பிள்ளைகளுக்கு முட்டைகளைப் போட்டுவிட்டுப் போகும் என்று சொல்வார்கள். நம் கத்தோலிக்க ஆலயங்களிலும் வியாழன் மாலைப் பூசையின் உன்னத கீதத்தோடு மணி ஓய்ந்து, அதன் பிறகு மரக்கட்டைச் சத்தம்தான். சனி இரவு உயிர்ப்புத் திருவிழிப்பில் அதே கீதம் தொடங்கும்போது எல்லா மணியும் ஒன்றாக அடிக்கும். திரை விலகி உயிர்த்த ஆண்டவரின் சொரூபம் மேலே எழும் ஆலயங்களில் வெளியே வெடியும் போடுவார்கள்; சிவகாசிக்குப் பக்கத்திலிருக்கும் நமக்கு வெடிக்கா பஞ்சம்? அந்த நேரத்துக்காகத் தூக்கத்தை அடக்கிக்கொண்டு அம்மா மடியில் சாய்ந்திருக்கும் பிள்ளையைக் கேளுங்கள். மணி எங்கே போயிருந்தது என்ற கேள்விக்குப் பிரான்சு நாட்டுப் பாட்டிமார் கண்டுபிடித்த பதில் அதற்கும் பிடிக்கும்.

முட்டையையும் பாலையும் விலக்கும் விதியை மேற்கத்தியத் திருச்சபை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தியது. 1917-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, சுத்த போசனத்தில் விலக்க வேண்டியது கறிதான், முட்டையும் பாலும் அதில் சேராது என்று எழுத்திலேயே வைத்துவிட்டது. முட்டையை விலக்குவது போனது. ஈஸ்டர் முட்டை மட்டும் தங்கிவிட்டது. நோன்பு இல்லாமல் விருந்து மட்டும் கைக்கு வந்ததும் கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டார். பிரிஸ்டல் நகரத்தின் ஃப்ரை நிறுவனம் 1873-இல் உள்ளே வெற்றிடமுள்ள சாக்லேட் முட்டையை இங்கிலாந்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1875-இல் கேட்பரி.

பெட்டிக்கடையில் தொங்கும் ஈஸ்டர்

இது நமக்குத் தொலைவில் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். தளவாய்புரம் போன்ற ஊரில் எந்தப் பெட்டிக்கடைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனாலும் அது கை நீட்டுகிற ஒரு பொருள் இருக்கிறது. வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த பிளாஸ்டிக் முட்டை, பாதியில் சாக்லேட், பாதியில் பொம்மை: கிண்டர் ஜாய். இத்தாலியில் ஈஸ்டர் சாக்லேட் முட்டைக்குள் பிள்ளைக்கு ஒரு சின்னப் பரிசை ஒளித்துவைப்பது வழக்கம். அந்த ஒரு நாள் சந்தோஷத்தை ஆண்டு முழுக்க விற்றால் என்ன என்று ஃபெரேரோ நிறுவனத்தின் மிக்கேலே ஃபெரேரோ யோசித்ததன் விளைவுதான் 1974-இல் வந்த கிண்டர் முட்டை. கிண்டர் ஜாய் அதன் தம்பி. இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் அந்த நிறுவனத்துக்கு ஆலை இருக்கிறது.

ஆக நம் பிள்ளைகள், எந்த மதத்துப் பிள்ளையானாலும், ஈஸ்டர் முட்டையை ஏற்கெனவே உடைத்துப் பார்த்தவர்கள்தான். அது ஈஸ்டர் முட்டை என்பது மட்டும் தெரியாது. பிள்ளையின் சந்தோஷத்தை நான் குறை சொல்லவில்லை. பொம்மை வெளிவரும் அந்த நொடி உண்மையான நொடி. ஆனால் கேட்ட அன்றைக்கே கிடைக்கும் பொருளுக்குக் காத்திருந்து கிடைக்கும் பொருளின் எடை வராது. நாற்பது நாள் இல்லாமல் இருந்து, பிறகு அம்மா கையால் கிடைத்த அவித்த முட்டைக்கு இருந்த எடையை எந்த ஆலையாலும் உள்ளே அடைக்க முடியாது.

அந்த நாற்பது நாள் இன்னும் முழுசாக உயிரோடு இருக்கும் இடம் நமக்கு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கம்தான். திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் சாலையில் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்குள்ள சிரியன் கிறிஸ்தவர்கள் ஐம்பது நோன்பு என்று பிடிக்கிறார்கள். கறி, மீனோடு முட்டையும் பாலும் விலக்குகிற வீடுகள் அங்கே இப்போதும் உண்டு. பெரிய வியாழன் இரவு, குருத்தோலையால் சிலுவை வைத்த பெசகா அப்பத்தைக் குடும்பத் தலைவர் பிட்டு, மூத்தவரிலிருந்து இளையவர் வரை கொடுப்பார். ஈஸ்டர் விடியலில் ஆலயத்திலிருந்து திரும்பியதும் அப்பமும் முட்டைக் கறியும் இறைச்சியும் ஒன்றாக இலைக்கு வரும். விலக்கி வைத்தது திரும்பி வரும் காலை அது. அங்கே பிள்ளைக்கு முட்டையின் பொருளை யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் நோன்பு வேறு விதம். லெந்து என்னும் தவக்கால நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. கறி எடுக்காத வீடுகள் நிறைய. காப்பியை விட்டவர்கள் உண்டு, தலையில் பூ வைக்காத பெண்கள் உண்டு. கத்தோலிக்கப் பங்குகளில் பிள்ளைகளிடம் தவக்கால உண்டியல் கொடுப்பார்கள். மிட்டாய்க் காசை அதில் போட்டு, நாற்பது நாள் முடிவில் ஆலயத்தில் சேர்ப்பது வழக்கம். முட்டையை விலக்கினாலும் விலக்காவிட்டாலும், பெரியவர்கள் எதையோ தள்ளிவைத்திருக்கிறார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியும். இந்த வட்டாரத்தின் பழைய சபைகள் எளிய வாழ்க்கையில் வேர் பிடித்தவை. 1850-களில் சென்னையில் சி.எம்.எஸ். என்னும் மிஷனரி சங்கத்தின் செயலர் பொறுப்பை விட்டுவிட்டு, அன்றைய திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியில் கூடாரத்தோடு ஊர் ஊராக அலைந்த தாமஸ் கஜேட்டன் ராக்லாந்து, 1858 அக்டோபரில் சிவகாசியில்தான் இறந்தார். அவர் போன்றவர்கள் நடந்த பாதையில் உருவான சபைகளுக்குச் சாக்லேட் முட்டை வரவில்லை, முயல் வரவில்லை. வந்தது நோன்பும் விடியற்கால ஆராதனையும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. முயல் நமக்கு வேண்டியதும் இல்லை. முட்டை வேறு, முட்டைக்கு இந்த மண்ணில் தனியாக ஒரு வரலாறு உண்டு.

சத்துணவுத் தட்டில் ஒரு முட்டை

தமிழ்நாட்டில் ஒரு பிள்ளைக்கு முட்டை கொடுப்பது என்றால் என்ன என்பது விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மாவட்டத்தில் பிறந்த காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் அந்தத் தட்டில் முட்டை வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு வாரத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, 2010-இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்றானது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்த காலத்தில் பள்ளியில் படித்தவர்களில் பலருக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்த நாளுக்கு வகுப்பு எப்படி நிரம்பி வழிந்தது என்பதை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கோழி வளர்த்த வீட்டிலும் முட்டை விற்பனைக்குத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து தேறினால் ஒன்று அவித்துக் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட ஊர்களில் முட்டை ஒரு பிள்ளைக்குத் தனியாகக் கிடைக்கும் கௌரவம். பாதியாக அறுக்காமல், முழுசாக, அதன் கையில். ஆறு கிராம் புரதம் என்று சத்துணவுக் கணக்கு சொல்லும். பிள்ளையின் கணக்கு வேறு.

அந்த முட்டைகள் பெரும்பாலும் நாமக்கல்லில் இருந்து வருகின்றன. அங்கத்திய விலை நாளிதழில் தினமும் அச்சாகிறது, தங்கம் விலை போல. வெள்ளை ஓடு, சாயம் பிடிக்க அதைவிட நல்ல முட்டை கிடையாது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்குச் சத்துணவில் வாழைப்பழம் கொடுக்கிறார்கள். யார் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்பதை மதித்து, எந்தப் பிள்ளையின் தட்டும் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஈஸ்டர் தட்டு சுவர் தாண்டிப் போக வேண்டுமானால் நாமும் அப்படி யோசிக்க வேண்டும். தளவாய்புரத்துத் தெருவில் முட்டை தொடாத வீடும் இருக்கும். தொடுகிற வீட்டிலேயே பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள், அல்லது வெள்ளிக்கிழமை சுத்தம் பார்ப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு எதை நீட்டுவது?

வெங்காயத் தோலும் பேண்டேஜ் துணியும்

முதலில் முட்டை. சாயப் பொடியைத் தேடிக் கடைக்குப் போக வேண்டாம். பெரிய வெங்காயத்தின் காய்ந்த மேல்தோல் போதும். பத்துப் பன்னிரண்டு வெங்காயத்தின் தோலை அரை லிட்டர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விட்டால், கட்டஞ்சாயா நிறத்தில் சாறு இறங்கும். வடிகட்டி, ஒரு கரண்டி வினிகர் ஊற்ற வேண்டும். முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்து. வினிகரின் புளிப்பு ஓட்டின் மேல்பரப்பை லேசாக அரித்து, சாயம் பிடிக்க இடம் கொடுக்கும். தனியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்து ஆறவைத்த முட்டையை அந்தச் சாற்றில் அரை மணி நேரம் போட்டால் செங்கல் சிவப்பு. இன்னும் நேரம் விட்டால் கருஞ்சிவப்பு. கிழக்குச் சபையார் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இந்தத் தோலில்தான் முட்டைக்குச் சிவப்பு ஏற்றுகிறார்கள். மஞ்சள் பொடி போட்டுக் கொதிக்க வைத்தால் மஞ்சள். வேலியில் படரும் சங்குப்பூவைக் கொதிக்க வைத்தால் நீலம். இதற்கு வினிகர் வேண்டாம், புளிப்பு பட்டால் நீலம் ஊதாவாகிவிடும். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சாற்றைத் தனியே எடுத்து அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து காட்டுங்கள். பிள்ளைகள் அதை மட்டுமே ஒரு மணி நேரம் செய்துகொண்டிருப்பார்கள்.

இனிதான் நம் ஊர்க் கைவேலை வருகிறது. ஓட்டின் மேல் ஒரு சின்ன இலையைப் படிய வைத்து, அதை நகராமல் மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் போட்டால், இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். நரம்பு வரை தெரியும். ஐரோப்பாவில் இதற்குப் பழைய காலுறையைக் கட்டுவார்கள். ராஜபாளையம் வட்டாரத்தில் அதற்கென்றே நெய்தது போல ஒரு துணி இருக்கிறது. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், சங்கரபாண்டியபுரம் ஊர்களின் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் அந்த வலைத்துணி சாயத்தை உள்ளே விடும், இலையை நகரவிடாது. கொத்தமல்லித் தழை, வேப்பங்கொழுந்து, முருங்கை இலை, எது வேண்டுமானாலும் வைக்கலாம். முருங்கை இலையின் சின்ன வட்டங்கள் முட்டையின் வளைவுக்குப் பொருத்தமாக உட்காரும். கட்டுவதற்குத் தையல் கூடத்தில் விழும், சாயம் ஏறாத வெள்ளைக் கட்பீஸ் நாடா போதும்.

ஒரு எச்சரிக்கை. துணிக்குப் போடும் சாயத்தை முட்டைக்குத் தொடவே கூடாது. துணித் தொழில் ஊரில் அது எளிதாகக் கைக்குக் கிடைக்கும் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. வெளியே பூசுவது உள்ளே போகும். இன்னொன்று, நம் பங்குனி சித்திரை வெயில். அவித்த முட்டை அந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. தோட்டத்தில் ஒளித்துவைத்து மத்தியானம் வரை தேடும் விளையாட்டு குளிர் நாட்டுக்கு உரியது. இங்கே விடியற்கால ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டுக்குள்ளேயே, அரிசிப் பானைக்குப் பின்னால், தையல் மிஷின் டிராயரில், மடித்து வைத்த நைட்டிப் பண்டல்களுக்கு நடுவில் ஒளித்து, அரை மணி நேரத்தில் தேடி முடித்து, உரித்துச் சாப்பிட்டுவிட வேண்டும். ஆச்சி ஒளித்துவைத்த இடத்தை ஆச்சியே மறந்துவிட்டால் நாலாம் நாள் வீடே சொல்லிவிடும்.

தட்டில் இரண்டாவது

இப்போது முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு.

இடைக்கால நோன்பில் முட்டையோடு பாலும் விலக்கு என்று மேலே சொன்னேன். அதனால் ஈஸ்டர் காலையில் திரும்பி வந்தது முட்டை மட்டும் இல்லை, பாலும் வெண்ணெயும்தான். ரஷ்யர்கள் அந்த நாளுக்கென்று தயிர்க்கட்டியில் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, மரஅச்சில் கோபுரம் போல அழுத்தி ஒரு பலகாரம் செய்வார்கள். பாஸ்கா என்பது பண்டிகையின் பெயர்; பலகாரத்தின் பெயரும் அதுவே. வண்ண முட்டைகளுக்குப் பக்கத்தில் அதை வைத்து ஆலயத்துக்குக் கொண்டுபோய் மந்திரித்து வருவார்கள். பாலை இறுக்கிச் செய்த இனிப்பு என்பது ஈஸ்டரின் சொந்தப் பலகாரம். முட்டைக்கு எவ்வளவு உரிமை உண்டோ அதற்கும் அவ்வளவு உண்டு.

பாலை இறுக்கிச் செய்யும் இனிப்புக்கு உலகத்தில் வேறு எங்கே போவது? தளவாய்புரத்தில் பஸ் ஏறினால் ராஜபாளையம், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். பசும்பாலும் சர்க்கரையும், விறகடுப்பும், கை ஓயாமல் கிண்டும் பொறுமையும் தவிர வேறெதுவும் சேராத பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டாள் கோயிலைச் சுற்றிய கடைகளில் வாங்கி வந்த பால்கோவாவைச் சின்ன முட்டை வடிவில் உருட்டுங்கள். அது உதிரும் பதத்தில் இருந்தால் உள்ளங்கையில் நெய் தொட்டுக்கொண்டால் போதும். ஒரு பாதாம் பருப்பை உள்ளே ஒளித்துவைத்தால் இத்தாலிக்காரர்களின் பரிசும் சேர்ந்துவிட்டது. கோவாவிலும் மும்பையின் பாந்த்ராவிலும் கிறிஸ்தவப் பேக்கரிகள் முந்திரியிலும் பாதாமிலும் மார்சிபான் முட்டை செய்து ஈஸ்டருக்கு விற்கின்றன. கொல்கத்தாவின் பழைய பேக்கரிகளில் சாக்லேட் முட்டை. அவரவர் ஊரில் கிடைப்பதை வைத்து அவரவர் செய்துகொண்டார்கள். நம் ஊர்ச் சரக்கு அவர்கள் எல்லோருடையதையும் விட அந்த நோன்பின் கணக்குக்கு நெருக்கமானது. இவ்வளவு காலம் யாரும் இதை ஈஸ்டரோடு சேர்த்துப் பார்க்காமல் விட்டது எனக்கு ஆச்சரியம்.

பெருமாள் கோயில் ஊரின் பால்கோவா கிறிஸ்தவப் பண்டிகைக்கா என்று யாராவது முகம் சுளித்தால், கிறிஸ்துமஸ் முறுக்குக்கு மாவு அரைத்த மில்லை நினைத்துக்கொள்ளட்டும். திருக்கல்யாணம் முடிந்த சில நாளில் இனிப்பு வாங்க வருகிறவர் எந்த வீட்டுக்காரர் என்று எந்தக் கடையும் கேட்பதில்லை.

ஆக, தட்டு. ஒரு வாழையிலைத் துண்டு. அதன் மேல் அந்த வீட்டுப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு இலைச்சித்திரம் போட்ட முட்டை. முட்டை தொடாத வீடானால் பால்கோவா முட்டை. இரண்டும் வைத்தாலும் குற்றமில்லை. எடுத்துப் போவது நம் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். நாற்பது நாள் உண்டியலில் காசு போட்ட பிள்ளைக்கு, தனக்கு வந்த முட்டையை விட முன்னதாகப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகும் முட்டை கையில் இருக்கட்டும். வாசலில் நடக்கப்போவது நமக்குத் தெரிந்ததுதான்.

“மதினி, அம்மா குடுத்துவிட்டாங்க. பிள்ளைகளுக்கு.”

“என்ன விசேஷம்ல, இந்நேரத்துல? கிறிஸ்மஸா?”

“இல்ல மதினி, ஈஸ்டரு.”

“அப்படின்னா?”

பதில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளை. பிரசங்கம் வேண்டாம்; செத்தவர் உயிரோடு வந்த நாள், அதுக்கு முன்னாடி நாங்க நாற்பது நாள் நோன்பு இருந்தோம் என்று சொன்னால் முழுசும் சொல்லியாகிவிட்டது. காலித் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் கிடையாது. சீனியோ, வெல்லமோ, உத்திரத்துப் பிரசாதமோ அதில் வந்துவிடும்.

செலவைப் பார்த்துவிடலாம். ஒரு கிண்டர் ஜாய் வாங்கும் பணத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கிவிடலாம். வெங்காயத் தோலுக்குக் காசே இல்லை. அதைத்தான் முன்கூட்டிச் சேர்க்க வேண்டும். கறி எடுக்காத லெந்து நாட்களில் சாம்பாருக்கும் பொரியலுக்கும் வெங்காயம் கூடத்தான் உரிபடும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று அடுப்படி ஆணியில் ஒரு துணிப்பை தைத்துத் தொங்கவிட்டு, தோலை அதில் போடும் வேலையை வீட்டின் கடைக்குட்டியிடம் கொடுத்துவிடுங்கள். 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10. ஈஸ்டர் மார்ச் 28. பை நிறைய, ஞாயிறுகளையும் சேர்த்து, நாற்பத்தாறு நாள் இருக்கிறது.